மார்கழித் தோல்

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கிறது. 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கும். புதுச்சேரியின் பாகூரில் குளிர் வந்துவிட்டது.

வெயில் ஏறட்டும் என்று திண்ணையில் வைக்கிறார்கள். இளகும்போது மணி பத்து. குளித்தது ஆறு மணிக்கு.

குளித்துத் துவட்டியதும், ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தடவ வேண்டும். சில நிமிடங்கள்தான். பிறகு தடவுவது தோலின் மேலேயே நிற்கிறது.

உறைந்ததையே வழித்து உள்ளங்கையில் வைத்தால் போதும். உடம்புச் சூட்டில் உருகிவிடும். யாரும் செய்வதில்லை. ஏன் என்று தெரியவில்லை.


இங்கே குளிர் என்றால் இரவில் 20, 21 டிகிரி. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி பனி. வாசலில் கொடியில் போட்ட துணி மறுநாளும் காயாது.

கரப்பான் (எக்ஸிமா) பற்றிய புத்தகங்களில் உள்ள குளிர்காலம் வேறு. அடைத்த ஜன்னல், ஹீட்டர், வறண்ட காற்று.


டிசம்பர் விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து வந்திருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தார்) வீட்டுப் பெண். அங்கே முழங்கை மடிப்பில் ரத்தம் கசியுமாம். இங்கே வந்த சில நாட்களில் ஆறத் தொடங்கிவிட்டது. பெட்டி நிறைய க்ரீம். திறக்கவே இல்லை.

எதிர்வீட்டு அத்தை நடவுக்குப் போகிறவர். கால் விரல் இடுக்கு வெள்ளையாக ஊறிப்போய், நடுவில் சிவந்து வெடிப்பு.

"உனக்கு சரியாப் போச்சா கண்ணு? எனக்கு இப்பதான் ஆரம்பிச்சுருக்கு."


சேற்றுப்புண். கரப்பான். படை. சிரங்கு. ஊறல். நகச்சுத்து. பித்தவெடிப்பு.

மெடிக்கலில் எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூப்.


ஜெர்மனியில் ஒரு விதி உண்டு. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால் அது 'ஈர வேலை'. முதலாளி கையைப் பாதுகாக்க வழி செய்தாக வேண்டும். ரப்பர் கையுறைக்குள் வியர்த்துக் கிடக்கும் நேரத்தையும் முன்பு அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

நாற்றுப் பறிப்பு. முடி கட்டு. நடவு. காலை டீ குடித்துவிட்டு இறங்கினால் மதியம் வரை தண்ணீர்.

நடவில் கட்டைவிரல்தான் சேற்றுக்குள் போகிறது. நகத்தின் ஓரத்துச் சதை நகத்தை விட்டு விலகும். அந்தச் சந்தில் தண்ணீர், பிறகு பூஞ்சை. நகச்சுத்து.

எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொள்கிறார்கள். எரியும். ஆனால் பழம் செருகிய விரல் அன்று முழுக்கத் தண்ணீர் படாமல் இருக்கிறது.

எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம், கறுத்தும் போகலாம். பழத்தைச் செருகிக்கொண்டு வயலுக்குப் போகக் கூடாது. வீட்டில் இருந்தால் சரி. வீட்டில் இருந்தால் கூலி இல்லை.


மருதாணியை விரல் இடுக்கில் அப்பிக்கொண்டு படுக்கும் பெண்கள். நடவுக் காலத்தில் மட்டும். சிவப்பு நகத்தைத் தாண்டி, பாதத்தின் ஓரம் வரைக்கும்.

அரைத்த இலையால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. கடையில் விற்கும் கறுப்பு மருதாணி கோன் வேறு. தலைச்சாயத்தில் உள்ள அதே பாரா ஃபினைலின்டயமின். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுளுக்கும் ஒத்துக்கொள்ளாது. பிறகு தலைக்குச் சாயம் போடும்போது முகம் வீங்கலாம்.


அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறார்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் நத்தை.

பறவைகளின் குடலைச் சுற்றிய ரத்தக் குழாய்களில் ஒரு தட்டைப்புழு. முட்டை எச்சத்தோடு தண்ணீருக்கு வரும். நத்தைக்குள் வளரும். பிறகு நத்தையை விட்டு நீந்தி, வாத்தின் காலைத் தேடும். மனிதக் காலில் தவறி நுழைந்தால் தோலுக்குள்ளேயே செத்துப்போகும். செத்த இடம் அரிக்கும். சிவந்த புள்ளிகள், முழங்காலுக்குக் கீழே, தண்ணீர் மட்டம் வரை.

'தண்ணி ஒத்துக்கல' என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.


2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கரை புரண்டு, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களுக்குள் தண்ணீர்.

கார்த்திகை நடுவில். வெயிலும் இல்லை. நனைந்த பாவாடையோடும் லுங்கியோடும் எத்தனை பேர்.

வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் எலிக் காய்ச்சலைப் பற்றி எச்சரிக்கிறார்கள். கிருமி உள்ளே போகும் வழி பெரும்பாலும் காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு. வெடிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நிவாரணப் பொட்டலத்தில் அரிசி வருகிறது, ரொட்டி வருகிறது. ஒரு காய்ந்த துண்டும் சின்ன டப்பா வாசலினும் வர வேண்டும். இதை யாரிடம் எழுதிக் கொடுப்பது.


வில்லியனூரில் யானைக்கால் உள்ள ஒரு தாத்தா. தினமும் சாயங்காலம் கால் கழுவுகிறார். சோப்பு, தண்ணீர், பிறகு ஒவ்வொரு விரல் இடுக்காகத் துணியால் ஒற்றி எடுக்கிறார். தேய்ப்பதில்லை. ஒற்றுகிறார். காய்ந்த பிறகு களிம்பு. காய்ச்சலோடு கால் வீங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறார்.

பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான ஆராய்ச்சி மையம் 1975இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. கொசுவைப் பற்றிய வேலை. கால் கழுவும் வேலை தாத்தாவுடையது.

பேரன் நடவுக்கு டிராக்டர் ஓட்டுபவன். விரல் இடுக்கில் சேற்றுப்புண். தாத்தாவின் துணி பக்கத்திலேயே தொங்குகிறது.


வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி. 1955இலிருந்து தொழுநோய்க்கான ஆராய்ச்சி நிலையம். உணர்வு போன காலில் தோல் வறண்டு வெடிக்கும். அங்கே சொல்லிக் கொடுப்பது: வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் கால், சொரசொரப்பான கல்லில் மெல்லத் தேய்ப்பு, துடைக்காமல் எண்ணெய்.

2005இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை. முற்றிய கரப்பானுக்கு: இரவில் இருபது நிமிடம் வெறும் தண்ணீரில் உடம்பை ஊறவைத்து, துடைக்காமல் களிம்பு.

இருபது நிமிடம்.


வில்லியனூர் சுடுமண் வேலைக்கு 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கார்த்திகை அகல்தான் பெரிய பருவம். மழை மாதத்தில் விளக்கு. காயவே காயாது.

களிமண் கையிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். சக்கரத்தில் இருக்கும்போது கை வழுவழுப்பாகத்தான் தெரிகிறது. எழுந்து கழுவிய பிறகுதான் கோடு கோடாக வெடிப்பு.

அக்கி வந்தவர்கள் குயவர் வீட்டுக்குப் போவார்கள். செங்காவியைக் குழைத்து உடம்பில் அக்கி எழுதுவார்கள். சிங்கம் மாதிரி ஒரு உருவம். இப்போதும் நடக்கிறது.

எழுதட்டும். மனசுக்கு ஆறுதல். ஆனால் அக்கிக்கு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதைக் குயவர் வாயாலேயே சொல்லவைத்தால் எத்தனை பேர் கேட்பார்கள்.

காவி குழைக்கும் விரலிலும் வெடிப்பு.


மார்கழிக் காலை. நாலரை. சாணித் தண்ணீர் தெளிப்பு, பிறகு கோலம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மாவைப் பிடிக்கும் மூன்று நுனிகள். கல் மாவு ஈரத்தை இழுக்கும். வலது கை.

பூண்டு உரிப்பதால் வரும் வெடிப்பும் இதே மூன்று விரல்களில்தான். ஆனால் இடது கையில். இடது கை பூண்டைப் பிடிக்கும், வலது கை கத்தியைப் பிடிக்கும்.

கையைப் பார்த்தே கேட்கலாம்: கோலமா, பூண்டா.

பொங்கலுக்கு இரண்டும்.


முன்பு பாத்திரம் தேய்க்கச் சாம்பல். இப்போது பச்சைக் கட்டி சோப்பு, கம்பி நார்.

தோலின் பி.எச். ஐந்துக்குப் பக்கம், லேசான புளிப்பு. குளியல் சோப்பு ஒன்பது, பத்து. ஒவ்வொரு கழுவலுக்கும் பிறகு தோல் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கிறது. அதற்குள் அடுத்த கழுவல்.

பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. நுரை வராது. இன்னும் கொஞ்சம் சோப்பு.

இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2011இல் முடிவு. பாதிப் பேர் வீட்டில் கடினநீரை மென்னீராக்கும் இயந்திரம். பயன் தெரியவில்லை. அப்படியானால் தண்ணீரை மாற்ற வேண்டியதில்லை. சோப்பைக் குறைத்தால் போதும். அக்குள், தொடை இடுக்கு, கால். மற்ற இடங்களுக்குப் பயத்தம் மாவு அல்லது வெறும் தண்ணீர்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்கிறார்கள். அரிப்பு அடங்குகிறதாம். அடங்கும், கொஞ்ச நேரம்.


சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். கறுப்பு வேட்டி, புதுசு. முதல் சில குளியலில் சாயம் வாளியில் தெரியும். இடுப்புக் கட்டில் பட்டையாக ஊறல்.

காலையும் மாலையும் பச்சைத் தண்ணீர் குளியல். வெறுங்கால். கழுத்தில் மணிமாலை எப்போதும் ஈரம், அதன் கீழே சிவப்புக் கோடு.

எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று விரதம். குருசாமி ஒருவரிடம் கேட்டேன். "தலைக்குத்தான் கூடாது சாமி. காலுக்கு மருந்து பூசறத ஐயப்பன் கோச்சுக்க மாட்டார்." இவர் மாதிரி குருசாமிகள் வேண்டும்.

புது வேட்டியை மூன்று நான்கு தடவை துவைத்துவிட்டுக் கட்டினால் பாதி ஊறல் வராது.


வில்லியனூரில் இரண்டு குளங்கள். திருக்காமீசுவரர் கோயிலில் ஒன்று. 1877இல் மாதா சிலை வந்த லூர்தன்னை ஆலயத்தில் ஒன்று.

தோல் நோய் தீர இரண்டிலும் வேண்டிக்கொள்கிறார்கள். சிலர் இரண்டிலும்.


கைக்குழந்தையின் இரண்டு கன்னமும் சிவந்து, சொரசொரப்பாக, நீர் கசிந்து.

"கரப்பான். நீ கத்திரிக்கா தின்ன. கருவாடு தின்ன." மாமியார்.

தாய் ரசம் சோறு மட்டும் சாப்பிடுகிறாள். கன்னம் அப்படியே இருக்கிறது. தாய் மெலிந்திருக்கிறாள்.

பாலூட்டும் தாய் உணவை ஒதுக்குவதால் பிள்ளைக்குக் கரப்பான் வராமல் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கத்திரிக்காய் சாப்பிடட்டும். மீன் சாப்பிடட்டும். பாவம் அந்தப் பெண்.

2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கண்டுபிடித்தார்கள்: ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருந்தால் தோலின் மேல்சுவர் இறுக்கமாக அமையாது. கரப்பானுக்கு மிகப் பெரிய மரபுக் காரணங்களில் ஒன்று. தாய் தின்றதால் வந்தது இல்லை.

தேங்காய் எண்ணெய் பற்றி பிலிப்பைன்ஸில் ஆய்வு, 2014. கரப்பான் உள்ள 117 குழந்தைகள். சுத்தமான தேங்காய் எண்ணெய், மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது.

ஆலிவ் எண்ணெய் வேண்டாம். இங்கிலாந்தில் 2013இல் சோதித்தபோது தோலின் தடுப்புச் சுவரைக் குலைத்தது. வெளிநாட்டிலிருந்து அன்போடு வரும் பாட்டில். சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிறந்ததிலிருந்தே தினமும் ஈரம் காக்கும் களிம்பு பூசினால் கரப்பான் வராமலே போகுமா? பிரிட்டனில் 1394 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2020இல் எழுதினார்கள். தடுக்கவில்லை. வந்த பிறகு பூசுவதற்குத்தான் பலன்.


மேஸ்திரி. கலவை கையில் காய்ந்தபடியே மதியச் சோறு. விரல் மூட்டுகளில் தோல் தடித்து, யானைத் தோல் போல.

சிமெண்டில் குரோமியம். அதிலும் தண்ணீரில் கரையும் வகை. அதுதான் ஒவ்வாமை. கொஞ்சம் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்தால் கரையாத வகையாகிவிடும். டென்மார்க்கில் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே கலக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005இலிருந்து 2 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது.

ஃபெரஸ் சல்ஃபேட். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் அதுதான். மேஸ்திரியின் மனைவி கையில் அந்த அட்டை இருக்கிறது.


மறுபடி அந்த ட்யூப்.

ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், மூன்றும் ஒன்றாக. கரப்பான் என்றாலும் படர்தாமரை என்றாலும் இதுவே.

படர்தாமரையில் ஸ்டீராய்டு போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். பூஞ்சை நிற்காது. வட்டம் விரியும், ஓரம் மங்கும், பிறகு எந்த டாக்டருக்கும் அடையாளம் தெரிவது கஷ்டம். குடும்பத்தில் எல்லோருக்கும் பரவும், ஒரே துண்டால்.

மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020இல் இந்தியாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். டிரைக்கோபைட்டான் இந்தோடினியே.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. கடைப் பையனுக்குச் சொந்தக்காரர்களே வந்து கேட்கிறார்கள். அவன் என்ன செய்வான். இல்லை என்று சொல்ல அவனுக்குத் தைரியம் கொடுக்க வேண்டும்.


ஆனால் இன்னொரு பக்கமும் எழுத வேண்டும்.

'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டதும் ட்யூபைத் தூக்கி எறிந்த தகப்பன். பிள்ளைக்கு நிஜமான கரப்பான். இரவெல்லாம் சொறிந்து, தூங்காமல், பள்ளியில் தூங்கி வழிகிறான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, எழுதிக் கொடுத்த அளவு, எழுதிக் கொடுத்த நாட்கள் மட்டும். அதில் பயம் இல்லை.

அளவு: பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். 1991இல் வகுத்த கணக்கு. விரல் இருக்கிறவர் யாரும் அளக்கலாம்.

வறட்சிக்குப் பூசும் களிம்பின் கணக்கு வேறு. கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் என்கிறார்கள் பிரிட்டிஷ் மருத்துவர்கள்.

மெடிக்கலில் தொங்கும் மாய்ஸ்சரைசர் ட்யூப் 30 கிராம், 50 கிராம்.

வாசலின் பெரிய டப்பா. தேங்காய் எண்ணெய். வேறு வழி என்ன இருக்கிறது.


பாகூரிலிருந்து பஸ். பஸ் ஸ்டாண்டில் மாறி கோரிமேடு. ஜிப்மர் தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சேர வேண்டும். அன்றைய கூலி போய்விடும். கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் கொம்யூனுக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கும் ஒரு நாள்.

அதனால்தான் நடவு முடிந்து போகிறார்கள். நடவு முடிந்தால் கால் பாதி ஆறிவிடுகிறது. டாக்டர் பார்ப்பது ஆறிய காலை.

போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அத்தையிடம் சொன்னேன். முற்றியிருக்கும்போது, வெளிச்சத்தில். மகன் எடுத்தான். காலைப் படம் எடுப்பதா என்று அத்தைக்குக் கூச்சம்.


ஏரிக்கரையில் மழை விட்ட இடமெல்லாம் பார்த்தீனியம். வெள்ளைப் பூ. ஐம்பதுகளில் புனேயில் முதலில் கண்ணில் பட்டது.

தொட வேண்டியதில்லை. காய்ந்த தூள் காற்றில் வந்தாலே ஒவ்வாதவர்களுக்குக் கண்ணிமை, கழுத்து, சட்டைப் பொத்தான் திறந்த இடம். ஆடு மேய்ப்பவர் ஒருவரின் முகம் வருஷா வருஷம் கறுத்துக்கொண்டே போகிறது. வெயில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பூக்கும் முன்னால் பிடுங்க வேண்டும். கையில் உறையோடு. நூறு நாள் வேலையில் ஏரிக்கரை சுத்தம் செய்த பெண்களுக்கு உறை கொடுத்து நான் பார்த்ததில்லை.


தை பிறந்தால் காற்று மாறும். பகலில் வறட்சி. இப்போது முழங்காலுக்குக் கீழே செதில், பித்தவெடிப்பு. ஈரத்தில் வெடித்த கால் இனி வறட்சியில் வெடிக்கும். வைத்தியம் மாறுகிறது: அதுவரை காயவைக்க வேண்டும், இனி காயாமல் பார்க்க வேண்டும். விரல் இடுக்கை மட்டும் எப்போதும் காயவைக்க வேண்டும்.


மாசி மகம் வருகிறது. திருக்காஞ்சியில் சங்கராபரணியில் முழுக்கு.

அத்தை டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறார், இந்தக் காலோடு ஆற்றில் இறங்கலாமா என்று. போய்ட்டு வாங்க, போகும்போது பையில் இரண்டு துண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

"ரெண்டு எதுக்குமா?"

"ஒண்ணு தலைக்கு. ஒண்ணு காலுக்கு."